பெப்ரவரி முப்பது

பெப்ரவரியில் முப்பதாம் திகதி உண்டா என்று நிலுக்சன் கேட்கவில்லை. கையில் இருந்த அறிக்கையை வாசித்தான், அவ்வளவுதான். ஆனாலும் மதரசா மண்டபத்தில் இருந்த எழுபது எண்பது பேரும் ஒரே நேரத்தில் ஹாஜராவைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அதை இருமலாக மாற்றினார்கள்.

“பக்கம் அறுபத்து மூணு, அடிக்குறிப்பு,” என்று அவன் மறுபடி வாசித்தான். “புளியடிமுனைப் பொதுக் கிணற்றின் நீர்மட்டப் பதிவுகள் உள்ளூர்ப் பம்பி இயக்குநர் ஒருவரால் கையால் எழுதப்பட்டவை. அவற்றில் பெப்ரவரி முப்பது போன்ற இல்லாத திகதிகள் காணப்பட்டதால் அவை நீக்கப்பட்டன. முப்பத்தோராம் திகதி எதிலும் பதிவு இல்லை. எனவே இப்பதிவுகளின் நம்பகத்தன்மை குறைவு. இருப்பவற்றை வைத்துப் பார்த்தாலும், கிணற்றின் ஏற்ற இறக்கத்துக்கும் பருவமழைக்கும் குளத்து நீருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.”

வாசித்து முடித்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிலாபத்துப் பிள்ளை, நீர்ப்பாசனக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியை ஹாஜராவின் கையால் எத்தனையோ தரம் குடித்தவன். பதிவுக் கொப்பிகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனவனும் அவன்தான். கொழும்பில் ஓர் ஆய்வுக் கம்பனி அந்தப் படங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றி, நூற்றிருபது பக்கத்தில் அறிக்கை எழுதி அனுப்பியிருந்தது.

விஷயம் இதுதான். உள்ளே காட்டோரம், எலுவன்குளம் தாண்டி, வில்லடிக்குளம் என்று ஒரு குளம். அதன் கட்டை நான்கு அடி உயர்த்தப் போகிறார்கள். உயர்த்தினால் அங்கே நெல்லுக்கு இரண்டாம் போகமும் தண்ணீர் கிடைக்கும். குளம் நிரம்பி வழிவதை இந்தப் பக்கம் வான் பாய்கிறது என்பார்கள். வான் பாய்ந்தால்தான் சின்னாறு ஓடும். சின்னாறு ஓடினால்தான் கடல் வாசலில் இருக்கும் புளியடிமுனைக் கிணற்றில் நல்ல தண்ணி நிற்கும். இல்லையென்றால் கடல் கலக்கும் களப்பின் உப்பு மண்ணுக்குள்ளால் மெல்ல மெல்ல ஏறி வந்துவிடும். நான்கு அடி உயர்ந்த குளம் எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் வழியும்? அதனால் வான் பாயாத வருஷத்திலும் மாரியில் இருபது நாள் குளத்து மதகான துருசைத் திறந்து ஆற்றுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று ஊர் கேட்டிருந்தது. தொடர்பே இல்லை என்று அறிக்கை சொன்னபின் துருசை யார் திறப்பார்?

பள்ளிவாசல் நிருவாகத் தலைவர் அத்தாஉல்லா ஹாஜியார் எழுந்தார். “அப்ப கிணத்துக்கு ஒண்டும் ஆகாதெண்டு சொல்றீங்களா தம்பி?”

“நான் சொல்லல்ல ஹாஜியார். அறிக்கை சொல்லுது. ஆட்சேபம் எழுத இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. பன்னெண்டாம் நாள் விசாரணைக் கூட்டம்.”

ஹாஜராவுக்கு அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் விழவில்லை. நம்பகத்தன்மை குறைவு என்ற சொல் மட்டும் மீன்முள்ளாய்க் குத்தி நின்றது.

அவளைப் பற்றி யாரும் எதையும் சொல்லலாம். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், அது உண்மை. சமையலில் புளி கூட என்று புருஷன் இப்றாஹிம் சொல்வான், அதுவும் உண்மைதான். ஆனால் கிணற்று விஷயத்தில் அவளைக் குறை சொல்ல இந்தக் கரையில் ஆள் கிடையாது. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு நாளும், சுபஹு தொழுத கையோடு, மோட்டர் போட முன்னம், புருஷனின் வலையிலிருந்து களவாய் அறுத்தெடுத்த ஈயக்குண்டை அளவுநாடாவின் நுனியில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறாள். கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று எழுதுகிறாள். பிறகு ஒரு வாய் தண்ணீரை நாக்கில் நிறுத்தித் துப்பிவிட்டு, நல்லதென்றால் ‘ந’, உப்புக் கரித்துச் சவரென்றால் ‘ச’ போடுகிறாள். நோன்பு மாதத்தில் மட்டும் சஹர் செய்துவிட்டு, பாங்குக்கு முன்னமே ஓடி வருவாள். டெங்கு வந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தபோது அந்த வேலையை இப்றாஹிம் செய்தான். வீட்டுக்கு வந்தவள் முதலில் கேட்டது பிள்ளைகளை அல்ல, கொப்பியை. ஈரக் கையோடு எழுதிப் பக்கத்தை நாசமாக்கிவிட்டான் என்று அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அந்தக் கிணறு சும்மா வந்ததும் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வள்ளத்தில் வந்திறங்கிய முப்பத்திரண்டு குடும்பங்கள் தோண்டியது. அப்போது ஹாஜராவுக்கு ஒன்பது வயது. ஆறு இடத்தில் தோண்டினார்கள், ஆறும் உவர். ஏழாவதில் வந்த தண்ணீரை வாயில் விட்ட அவளுடைய வாப்பா அந்த ஈர மணலிலேயே நெற்றி பதித்துச் சுஜூதில் விழுந்தார். அக்கம்பக்கத்து ஊரார் கொஞ்சக் காலம் அதை அகதிக் கிணறு என்றார்கள். இரண்டு கோடை போனதும் அவர்களே குடத்தோடு வந்து நின்று, ஏழாம் கிணறு என்று மரியாதையாய்ச் சொல்லத் தொடங்கினார்கள். இன்றைக்கு நானூறு வீட்டுக்கு அதிலிருந்து குழாய் போகிறது. மோட்டர் அறைத் திறப்பு ஹாஜராவின் இடுப்பில். சொந்த ஊரைவிட்டு வந்த சனம் இந்த மண்ணில் தலை நிமிர்ந்தது அந்தத் தண்ணீரால்தான் என்று அவள் நினைப்பதில் தவறு என்ன இருக்கிறது?

அன்று மாலை இப்றாஹிம் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். “நான் பெப்ரவரி முப்பதில பிறந்திருந்தா எனக்கு வயசே போயிருக்காது, தெரியுமா?”

அவள் சிரிக்கவில்லை. “எட்டாம் வகுப்பு படிச்சவள் எழுதினா இப்பிடித்தான் இருக்குமெண்டு நினைச்சிருப்பாங்க.”

“நீ பிழையா எழுத மாட்டாய்.”

“எழுதித்தானே இருக்கு. ரெண்டாம் மாசம் முப்பது. என்ட கையெழுத்துத்தான். அந்தத் தம்பி படத்தைக் காட்டினான், நானே பாத்தேன்.”

தன் கையெழுத்தே தன் ஊருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அளக்காமலே இருந்திருந்தாலும் பரவாயில்லை போலிருந்தது. அவள் அளந்ததை வைத்துத்தானே இல்லை என்கிறார்கள்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு வழக்கம்போலக் கிணற்றடிக்குப் போனாள். நெஞ்சில் பாரம் இருந்தால் என்ன, அளவு அளவுதான். ஈயக்குண்டு இறங்கித் தண்ணீரைத் தொட்ட சத்தம் வந்தது. பதினெட்டு அடி நான்கு அங்குலம். ஓகஸ்ட் மாதத்துக் காற்று அந்த நேரத்திலேயே மணலை வாரி முகத்தில் அடித்தது. கோடையில் இவ்வளவு நிற்பதே பெரிது என்று நினைத்துக்கொண்டு, பத்தாம் கொப்பியை விரித்துத் திகதியைப் போட்டாள்.

11-2.

பேனை அப்படியே நின்றது.

ஓகஸ்ட் எட்டாம் மாதம். அவள் எழுதியிருப்பது இரண்டு.

இரண்டுதான். ஸபர் மாதம் பிறை பதினொன்று. முஹர்ரம் ஒன்று, ஸபர் இரண்டு. ஒன்பது வருஷமாக அவள் எழுதிவந்தது பிறைக் கணக்கு. பிறைக் கணக்கில் மாதம் இருபத்தொன்பது, இல்லையென்றால் முப்பது. முப்பத்தொன்று எங்கிருந்து வரும்? ஸபருக்கு முப்பது நாள் வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே, அதை யார் பெப்ரவரி என்றது?

அவள் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. இப்றாஹிம் என்னவோ ஏதோவென்று வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

“இஞ்சருங்க, நான் பைத்தியமில்ல. அவங்கட கணக்குக்கு ஜனவரி, என்ட கணக்குக்கு முஹர்ரம்!”

பிறைக் கணக்கில் எழுதியதற்கு அவளிடம் காரணம் இருந்தது. மீன்பிடிக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் களப்பின் குணம் தெரியும். பிறை பதினான்கிலும், பிறை மறைந்த நாளிலும் களப்பு ஏறும். ஏறினால் மறுநாள் கிணற்றுத் தண்ணீரில் லேசாய் உப்புக் கரிக்கும். அந்த உப்பைப் பிடிக்கத்தான் அவள் பிறைத் திகதி போட்டாள். உப்பைப் பொறுத்தவரை அது மிகச் சரியான கணக்கு. ஆனால் மாரி மழை பிறையைப் பார்த்துப் பெய்வதில்லை. பிறை வருஷம் பதினொரு நாள் குறைவு; மாரி ஒவ்வொரு கொப்பியிலும் பதினொரு நாள் பின்னால் தள்ளிக்கொண்டு போயிருக்கும். முதலாம் கொப்பியில் இரண்டாம் மூன்றாம் மாதத்தில் ஏறிய தண்ணீர், ஒன்பதாம் கொப்பியில் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் ஏறியிருக்கும். கொழும்பில் குளிர் அறையில் இருந்து அதைப் பார்த்தவனுக்குக் கிணறு பைத்தியம் பிடித்து ஏறி இறங்குவதாகத்தான் தெரிந்திருக்கும், பாவம்.

அத்தாஉல்லா ஹாஜியாருக்கு விஷயம் சொன்னபோது அவருக்கு இரத்தம் கொதித்தது. “நாளைக்கே பேப்பர்ல போடுவம் மகள். பெரிய ஆய்வுக்காரனுகளுக்கு முஸ்லிம்ட மாசம் ஒண்டு இருக்குதெண்டு தெரியாதாம். நாறடிச்சு விடணும்.”

“வேணாம் ஹாஜியார்.”

“என்னத்துக்கு வேணாம்? உங்களையல்லவா எழுதியிருக்கானுகள்?”

“அவங்களுக்குத் தெரியாது, சரி. நான் சொன்னேனா? ஒம்பது கொப்பியில ஒரு இடத்திலயாவது இது என்ன மாசமெண்டு எழுதினேனா? எனக்கு விளங்கினாப் போதுமெண்டு எழுதியிருக்கேன்.” சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் குரல் இறங்கவில்லை. “பிழை அரைவாசி என்டது. திருத்திறதும் நானே திருத்துறேன்.”

நிலுக்சனுக்குப் போன் போட்டாள். அவன் மோட்டர் சைக்கிளில் பறந்து வந்தான். மோட்டர் அறை வாசலில் பாயை விரித்து, ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒன்பது கொப்பியையும் எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் உறை போட்டிருந்தாள். வருஷம் முடிந்ததும் அந்த வருஷத்துப் பள்ளிவாசல் கலண்டரைக் கழற்றி, முடிந்த கொப்பிக்கு உறையாகப் போடுவது அவள் வழக்கம். ஒற்றைத் தாள் கலண்டர். எல்லாரும் செய்வதைப் போல அச்சடித்த பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. அப்போதுதானே பெயர் எழுத இடம் இருக்கும்.

முதலாம் கொப்பியின் உறையைக் கழற்றித் திருப்பிப் பிடித்தாள். முஹர்ரம் முதல் துல்ஹஜ் வரை பன்னிரண்டு கட்டம். பிறைத் திகதி பெரிய எழுத்தில், இங்கிலிஷ் திகதி ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில். பிறை காண்பதில் ஒரு நாள் முன்பின் ஆன மாதங்களை அவளே சிவப்புப் பேனையால் திருத்தியிருந்தாள்.

நிலுக்சன் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தான். “இது இந்தக் கொப்பியிலயே இருந்திருக்கு,” என்றான். “நான் உள்பக்கத்தை மட்டும் படம் எடுத்தேன் அக்கா. எந்த வருஷத்திலிருந்து எண்டு கேட்டேன், ரெண்டாயிரத்துப் பதினஞ்சு எண்டீங்க. முதல் கொப்பி பதினஞ்சு, அடுத்தது பதினாறு எண்டு எழுதிக் குடுத்தேன்.”

“பதினஞ்சு ஒக்டோபரில தொடங்கினது தம்பி. நீங்க மாசம் கேக்கல்ல.”

“கேக்கல்ல,” என்றான். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்து அவளுக்கு இரக்கமாகிவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அதன்பின் எட்டு நாள் வேலை. கந்தோர் ஆள் என்பதால் அவன் வெளிப்படையாக உதவ முடியாது. எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டக் கடதாசிச் சுருள் ஒன்றை மறந்ததுபோல விட்டுப் போனான். ஒரு நாளுக்கு ஒரு சின்னக் கட்டம். ஒரு கொப்பிக்கு ஒரு நீளத் துண்டு. ஹாஜரா அளவை வாசித்தாள், இப்றாஹிம் புள்ளி வைத்தான். ஈரக் கை இல்லை, இந்தமுறை துடைத்துவிட்டு வந்தான். ஒன்பது துண்டும் முடிந்தபோது அவற்றை மதரசா மண்டபத்துச் சீமெந்துத் தரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக விரித்தார்கள். கோடுகள் ஏறியிருந்த இடங்கள் துண்டுக்குத் துண்டு வலப்பக்கம் சரிந்து, அறிக்கையில் இருந்ததைப் போலவே ஒழுங்கில்லாமல் கிடந்தன.

பிறகு அவள் முழங்காலில் நின்று இரண்டாம் துண்டைப் பதினொரு கட்டம் இடப்பக்கம் இழுத்தாள். மூன்றாவதை இருபத்திரண்டு. ஒவ்வொரு கலண்டரையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துச் சரிபார்த்து இழுத்தாள். ஒன்பதாவது துண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய நகர்ந்தது. எழுந்து நின்று பார்த்தாள்.

ஆறு துண்டில் தண்ணீர் ஒரே இடத்தில் ஏறி நின்றது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பதைப் போல, ஒன்றின் நேர் கீழே ஒன்று. மற்ற மூன்று துண்டிலும் ஏற்றமே இல்லை. கோடு தரையோடு தரையாய்க் கிடந்தது, அடியில் ‘ச’, ‘ச’, ‘ச’ என்று வரிசையாக. அந்த மூன்று வருஷமும் வான் பாயவில்லை.

“மாஷா அல்லாஹ்,” என்றான் இப்றாஹிம் மெதுவாக. தன் பெண்சாதி ஒன்பது வருஷமாகக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து என்ன செய்கிறாள் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனால் ஒன்று குறைந்தது. வான் எந்த எந்த நாளில் பாய்ந்தது என்பதற்குக் கந்தோரில் ஒழுங்கான பதிவு இல்லை. ஹாஜராவின் கொப்பி ஓரத்தில் இருந்தது. ஆறு கொப்பியில், ஆறு இடத்தில், ‘அஸ்மி போன்’ என்று எழுதி, ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் பத்தொன்பது, இருபது நாளில் கிணறு ஏறியிருக்கிறது.

அஸ்மி என்பது அவளுடைய தங்கச்சி அஸ்மியா. வில்லடிக்குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் முபாறக்கைக் கட்டியவள். வான் பாய்ந்தால் அவள் வீட்டுக்குப் போகும் பாதையைத் தண்ணீர் மூடிவிடும். அதனால் ஒவ்வொரு மாரியிலும் போன் எடுத்து, “ராத்தா, வான் பாயுது, இனிக் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க” என்பாள். ஆறு முறை எடுத்த போனுக்கு இப்போது அவள் சாட்சி சொல்ல வேண்டும். குளக்கட்டு உயர வேண்டுமென்று நடுச்சாமத்தில் தஹஜ்ஜுத் தொழுது துஆ கேட்கிறவள் அவள்தான். ஆற்றுக்கு இருபது நாள் தண்ணீர் விட்டால் இரண்டாம் போகத்தில் நாற்பது ஏக்கர் குறையும் என்று நிலுக்சன் சொல்லியிருந்தான். குறைவது வாய்க்கால் முடியும் கடைவயலில்தான். முபாறக்கின் மூன்று ஏக்கரும் கடைவயல்.

இதைப் போனில் கேட்க முடியாது. ஹாஜரா பஸ் ஏறினாள்.

அஸ்மியா அவளைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் முபாறக் இருந்தான். கட்டின் மேல் நின்று பார்த்தால் கோடையில் சுருங்கிய தண்ணீருக்கு அப்பால் மாடு மேயும் புல்வெளி. அதற்கும் அப்பால் காட்டோரத்து மரங்களில், இடுப்பு உயரத்தில், சிவப்புப் பூச்சு. புதுத் தண்ணீர் வந்து நிற்கப்போகிற அளவு.

“அவ்வளவும் மூடுமா?” என்றாள் ஹாஜரா.

“மூடும். மாட்டை எங்க கட்டிறதெண்டு யாருக்கும் தெரியா. அந்த மரத்தடியாலதான் யானை வாறது. பாதை மூடினா வயலுக்குள்ளால வரும்.” அஸ்மியா சிவப்புப் பூச்சிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே வயலைப் பார்த்தாள். “ஆனா எனக்கு ரெண்டாம் போகம் வேணும் ராத்தா. அதை மூணு வருஷத்துக்கு ஒருக்காத்தான் விதைக்கிறோம். மற்றக் காலத்தில இவர் சிலாபத்தில போய்த் தேங்கா உரிக்கிறார்.”

“கட்டைக் கூட்ட வேணாமெண்டு நான் சொல்லல்ல.”

“தெரியும். இருபது நாள் கேக்கிறீங்க. அது எங்கட கடைவயலால வெட்டுப்படும்.”

ஹாஜராவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். “ஓம். வெட்டுப்படும்,” என்றாள்.

தங்கச்சி குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கூட்டத்துக்கு நான் வருவேன். ஆனா எங்கட ஆக்களோடதான் இருப்பேன் ராத்தா. என்னை உங்கட பக்கம் கூப்பிடாதீங்க.”

“கூப்பிடல்ல,” என்றாள் ஹாஜரா. வரும்போது வயலில் பிடுங்கிய ஒரு கட்டுக் கீரையை அஸ்மியா பையில் வைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

விசாரணைக் கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. இடப்பக்கம் புளியடிமுனை, வலப்பக்கம் வில்லடிக்குளத்து விவசாயிகள், முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் கலந்து. அஸ்மியா முபாறக்கின் பக்கத்தில், பர்தாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த அம்மா சிங்களத்தில் கேட்டதை நிலுக்சன் தமிழில் சொன்னான்.

ஹாஜராவின் பெயரைக் கூப்பிட்டபோது ஹாஜியார் எழுந்து தானே பேசுவதாகச் சைகை காட்டினார். அவள் தலையசைத்து மறுத்துவிட்டு, சுருட்டிய கடதாசியோடு முன்னுக்குப் போனாள். மேசையில் ஒன்பது துண்டையும் பிறைக் கணக்கின்படி விரித்தாள்.

“இது நீங்க அறிக்கையில போட்டது. பெப்ரவரி முப்பது எழுதினவள் நான்தான்,” என்றாள். வலப்பக்கம் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை நின்றாள். “நான் எழுதினது பெப்ரவரி இல்ல. ஸபர். பிறை மாசம். அதைக் கொப்பியில சொல்லாம விட்டது என்ட பிழை. ஆனா ஒம்பது வருஷத்தில ஒரு நாளும் தவறல்ல. முப்பத்தோராந் திகதி நான் படுத்துக் கிடந்தேனெண்டு எழுதியிருக்கீங்க, அதைத் திருத்திப் போடணும்.”

நிலுக்சன் சிங்களத்தில் சொன்னபோது நடுவில் இருந்த அம்மா புருவத்தை உயர்த்தினார். ஹாஜரா துண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்துமூன்று. மண்டபத்தில் பேச்சு அடங்கியது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒன்பதாவது துண்டு தன் இடத்துக்கு வந்தபோது அந்த அம்மா கதிரையிலிருந்து எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆறு ஏற்றத்தையும் மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். ஓரத்துக் கோட்டில் விரல் நின்றது. இது என்ன என்று கேட்டார்.

“வான் பாஞ்ச நாள்.”

வலப்பக்கத்திலிருந்து விவசாய அமைப்பின் செயலாளர் சத்தம் போட்டார். “அதை யார் சொன்னது? எங்கட குளத்தில வான் பாஞ்சதை இவங்க கடற்கரையில இருந்து பாத்தாங்களா? கிணத்தைப் பாத்துப்போட்டு வீட்டில இருந்து கோடு கீறியிருக்கலாம்தானே!”

நியாயமான கேள்விதான். அந்த அம்மாவும் அதையேதான் கேட்டார்: சாட்சி இருக்கிறதா?

ஹாஜரா வலப்பக்கம் திரும்பவில்லை. கூப்பிட மாட்டேன் என்று சொன்னவள். கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாட்சி இல்லையென்றால் இல்லைதான். கிணற்றின் ஏற்றத்தை மட்டுமாவது ஏற்றுக்கொள்வார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மேலே மின்விசிறி சுற்றியதில் துண்டின் நுனி படபடத்தது. அதைக் கையால் அமர்த்திப் பிடித்தாள்.

“நான்தான் சொன்னது.”

அஸ்மியா எழுந்து நின்றிருந்தாள். முபாறக் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, ராத்தாவையும் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துத்தான் பேசினாள். “எங்கட பாதையில தண்ணி ஏறின அண்டைக்கே நான் போன் எடுக்கிறது. ஆறு மாரி எடுத்தேன். முதல் மாரி என்ட மூத்தவன் பிறந்து மூணாம் நாள். அண்டைக்கு மருத்துவிச்சி வர ஏலாமப் போச்சு. அவன்ட பிறந்த பத்திரத்தில திகதி இருக்கு, பாத்துக்கொள்ளுங்க.” பர்தாவின் நுனியைக் கையிலிருந்து விட்டாள். “கட்டு உயரத்தான் வேணும். எங்களுக்கு வயல் வேணும். ஆனா நடந்ததை நடக்கல்லயெண்டு சொல்ல என்னால ஏலாது. நான் பிறந்ததிலிருந்து குடிச்சது அந்தத் தண்ணி.”

உட்கார்ந்தாள். பக்கத்துக் கதிரைக்காரி சற்றே விலகி இருந்தாள். முபாறக் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

ஹாஜராவுக்கு அந்த இடத்திலேயே ஓடிப்போய்த் தங்கச்சியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கிணற்றைப் பற்றிய பெருமை எப்போதும் உள்ளதுதான், இது வேறு. உம்மா மௌத்தானபின் தலை வாரிவிட்டு, ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டிய பிள்ளை, தன் மூன்று ஏக்கரையும் தெரிந்துகொண்டே எழுந்து நின்றிருக்கிறது.

நடுவில் இருந்த அம்மா நிலுக்சனிடம் ஏதோ சொன்னார். அவன் எழுதி வாசித்தான்: கிணறு பற்றிய அத்தியாயம் புதிதாக எழுதப்படும், துருசுக் கோரிக்கை திருத்திய தரவோடு மீண்டும் பார்க்கப்படும், முடிவு பின்னர். வேறொன்றும் இல்லை. இடப்பக்கத்தில் யாரோ அல்லாஹு அக்பர் என்றார்கள். வலப்பக்கம் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தது.

அன்று அஸ்மியா வில்லடிக்குளத்துக்குப் போகவில்லை. முபாறக் ஆட்களோடு லொறியில் ஏறிப் போய்விட்டான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ராத்தா வீட்டில் தங்கியவள் மறுநாள் சுபஹுக்குப் பிறகு கிணற்றடிக்குக் கூடவே வந்தாள். ஈயக்குண்டை அவளே இறக்கினாள்.

“பதினெட்டு அடி ஏழு,” என்றாள். ஒரு வாய் நீரை நாக்கில் நிறுத்தினாள். ஆனால் துப்பவில்லை, விழுங்கிவிட்டாள்.

“நல்லதா, சவரா?”

“நல்லது.”

ஹாஜரா 23-2 என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் ஸபர் என்று எழுதி, அதன் கீழே ஓகஸ்ட் திகதியையும் எழுதினாள். ‘ந’ போட்டாள். பிறகு ஏதோ நினைத்தவளாய் அதை மூடி வைத்துவிட்டு, ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒன்பதாம் கொப்பியை எடுத்து, அதன் கலண்டர் உறையைக் கழற்றினாள்.

அஸ்மியாவின் போன் அடித்தது. திரையில் முபாறக்கின் பெயர். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ராத்தாவைப் பார்த்தாள்.

“எடு,” என்றாள் ஹாஜரா.

அஸ்மியா போனைக் காதில் வைத்துக்கொண்டு நாவல் மரத்தடிக்கு நடந்தாள். ஹாஜரா கலண்டர்த் தாளைத் திருப்பிக் கிணற்றுக் கட்டில் விரித்தாள். வெள்ளைப் பக்கம் உள்ளே, அச்சுப் பக்கம் வெளியே. காற்று தாளைத் தூக்கப் பார்த்தது. ஒரு மூலையில் ஈயக்குண்டை வைத்து, பழைய மடிப்புகளை விரலால் அழுத்தி எதிர்ப்பக்கம் மடித்து, கொப்பியை அதற்குள் செருகினாள். பெரிய எழுத்தில் பிறைத் திகதிகளும் பொடி எழுத்தில் மற்றத் திகதிகளும், சிவப்புத் திருத்தங்களோடு, வெயிலில் வெளியே தெரிந்தன.